கடைசி அடியில் யார் பெயர்

சர்க்கரை ஆலை இருக்கிற ஊரில் காற்றே இனிக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிற வெளியூர்க்காரர்கள் ஆலங்கரை ஸ்டேஷனில் இறங்கினதும் முதல் காரியமாக மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், கழிவுப் பாகின் நாற்றம் அப்படி. ஆனால் பாட்டின் கடைசி அடியில் கட்டினவர் பெயர் போய் உள்ளூர்க்காரர் பெயர் வரத் தொடங்கிய அந்த வருஷம் மட்டும் ஆலங்கரையில் நாற்றத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை, எல்லோருக்கும் மூக்கைவிடக் காதில்தான் வேலை அதிகமாக இருந்தது.

அதிலும் கிருபாகரனின் காதுக்கு ஓய்வே இல்லை. அவர் ஆலையின் எடைமேடைக் கண்காணிப்பாளர். இருபத்தாறு அரவைப் பருவங்களாகக் கரும்பு வண்டிகளை எடை போட்டு உள்ளே அனுப்பினவர். கட்டுக்கு நடுவில் கல்லை வைத்துக் கட்டுகிறவன் யார், வழியில் வாய்க்காலில் வண்டியை இறக்கிக் கரும்பை நனைத்துக்கொண்டு வருகிறவன் யார், பாரத்தோடு எடை போடும்போது மச்சானைக் கரும்புக்குள் படுக்க வைத்துவிட்டு வெறும் வண்டியை எடை போடும்போது அவனை டீக்கடைக்கு அனுப்பிவிடுகிறவன் யார் என்று, வண்டி வளைவில் திரும்பும்போதே மாட்டின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அப்படிப் பழகின கண் வீட்டுக்கு வந்தால் மட்டும் மூடிக்கொள்ளுமா? இட்லி பூப்போல இருந்தால் மாவில் என்ன கலந்தாய் என்று கேட்பார், யாராவது சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னால் இவனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் வணக்கம் வைப்பார்.

அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் கொன்றையடி சுவாமிகள்தான், அவரும் செத்து நூற்றைம்பது வருஷமாகிவிட்டதால் புதிதாக எதுவும் ஏமாற்ற முடியாது. சுவாமிகள் ஒரு கொன்றை மரத்தடியில் உட்கார்ந்து அறுபது பாட்டுக் கட்டினார். பாட்டுக் கட்டுகிறவர்கள் கடைசி அடியில் தங்கள் பெயரையோ தங்களைக் குறிக்கிற ஒரு சொல்லையோ வைத்துவிட்டுப் போவது வழக்கம், அதற்கு முத்திரை என்று பெயர். சுவாமிகள் வைத்த முத்திரை 'கொன்றையடியான்'. அறுபதிலும் உசத்தி சகானா ராகத்தில் 'கிருபாகரா, குறை பாராது எனை ஏற்பாய்' என்று தொடங்கி, 'கொன்றையடியான் தொழும் கிருபாகரா' என்று முடிகிற பாட்டு. கிருபாகரனின் அப்பாவுக்கு அந்தப் பாட்டு உயிர், அதனால்தான் பிள்ளைக்கு அந்தப் பெயர். அதாவது, பாட்டிலிருந்து இறங்கி வந்தவர் தான் என்பது கிருபாகரனுடைய உள்ளெண்ணம், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்.

ஆலங்கரை நாத ரசிகர் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆலையின் மனமகிழ் மன்றத்தில் கேரம் போர்டைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பதினெட்டுப் பேர் ஜமக்காளத்தில் உட்காருவார்கள். மன்றத்தின் பதிவேட்டில் பெயர், முகவரிக்கு அடுத்த கட்டம் 'பிடித்த சாகித்யகர்த்தா'. ஒருத்தர் ஒரு பெயர்தான் எழுதலாம், பிறகு மாற்ற வேண்டுமென்றால் தீர்மானம் போட வேண்டும். தலைவர் பல் டாக்டர் நாகலிங்கம் எழுதியிருந்தது புன்னைவனக் கவிராயர். பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் காதர் மொய்தீன் எழுதியிருந்தது அங்கயற்கண்ணி அம்மாள். வாரம் ஒருத்தர் தன் ஆளைக் கொண்டுவருவார், அந்த ஆளின் பாட்டைப் பாட்டு டீச்சர் ஞானசௌந்தரி பாடுவார், இல்லாவிட்டால் கேசட் ஓடும், பிறகு எங்க ஆளு சொல்கட்டு மாதிரி உங்க ஆளுக்கு வருமா, உங்க ஆளு ஒரே ராகத்தில் ஏழு பாட்டுக் கட்டி ஏழும் ஒன்றுபோல இருக்கிறதே என்று சண்டை நடக்கும். அதற்காகத்தான் எல்லோரும் வந்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

தை மாதம் முதல் சனிக்கிழமை கிருபாகரனின் முறை. டீச்சர் சகானாவை எடுத்தார், பல்லவி, அனுபல்லவி எல்லாம் வழக்கம்போல வந்தன, கிருபாகரன் வழக்கம்போல மடியில் சின்ன நோட்டை வைத்துக்கொண்டு டீச்சர் எந்த இடத்தில் எதை விட்டார் என்று குறித்துக்கொண்டே இருந்தார், கடைசி அடி வந்தது, வந்த அடி இப்படி வந்தது: 'காதர்மொய்தீன் தொழும் கிருபாகரா.' தாளம் ஒரு முடி அளவும் பிசகவில்லை. போட்ட கைகள் போட்டபடி நின்றன.

"என்ன எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?" என்றார் டீச்சர்.

"கடைசி அடியை இன்னொரு தடவை பாடுங்க டீச்சர்" என்றார் நாகலிங்கம்.

பாடினார். மறுபடியும் காதர் மொய்தீனே வந்தார். டீச்சரோ, கொன்றையடியான்னுதானே பாடறேன், வேற எப்படிப் பாடறது என்று கர்த்தர் பேரில் சத்தியம் செய்தார். பாடுகிறவருக்கு மட்டும் தன் வாயில் என்ன வருகிறது என்பது தெரியாது, அது கேட்கிறவர்களுக்குத்தான் என்பது பிறகு ஊருக்கே விளங்கினது, அன்றைக்கு யாருக்கும் விளங்கவில்லை. கிருபாகரனுக்கு உடனே மூளையில் எடைமேடை முள் ஆடியது.

"டீச்சருக்கு ஜாக்கெட் யாரு தைக்கிறது?" என்று கேட்டார்.

"நான்தான் செக்ரட்டரி சார்" என்றார் காதர் மொய்தீன். "உங்க சட்டையும் நான்தான்."

அடுத்த வாரம் டீச்சர் வேண்டாம் என்று கேசட் போட்டார்கள். சென்னையில் என்றைக்கோ பதிவான கேசட், அதில் பாடின அம்மாளுக்கு ஆலங்கரை என்று ஒரு ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. அதிலும் கடைசி அடியில் உள்ளூர் ஆள் வந்தார். பிறகு டீக்கடை ரேடியோவில் வந்தது, பங்குனித் திருவிழாவில் கோயில் ஒலிபெருக்கியில் வந்தது, மாதா கோயில் கீர்த்தனையில் வந்தது. பட்டணத்துப் பேருந்து ரயில்வே கேட்டைத் தாண்டி ஊருக்குள் நுழைகிற வரைக்கும் டிரைவரின் டேப்பில் கட்டினவர் பெயரே வரும், கேட்டுக்கு இந்தப் பக்கம் சக்கரம் உருண்டதும் பேருந்துக்குள் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருத்தர் பெயர் வரும், அவர் முகம் சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார், மற்றவர்கள் இவனா, இவனுக்குள்ளா என்று இறங்குகிற வரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டு வருவார்கள்.

காரணம் என்ன என்று ஆலங்கரைக்காரர்கள் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, ஆலைக் கழிவு வாய்க்காலில் கலந்தால்கூட ஏன் என்று கேட்டுப் பழகாத ஊர் அது. யார் பெயர் வருகிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். காதுக்கெட்டின தூரத்தில் இருப்பவர்களில் அந்தப் பாட்டை யார் எல்லோரையும்விட ஆழமாக வாங்கிக்கொள்கிறாரோ அவர் பெயர் வருகிறது என்று இரண்டே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள், கண்டுபிடித்ததோடு நிம்மதி போயிற்று. சங்கீதம் என்றால் மாப்பிள்ளைக்கு உயிர் என்று சொல்லிக்கொண்டு வந்த வீட்டார் முன்னால் பெண் வீட்டார் மெதுவாக டேப்பைத் தட்டிவிட, மாப்பிள்ளையின் பெயர் வராமல் அவர்களைக் கூட்டிவந்த கார் டிரைவரின் பெயர் வந்து, காபி குடித்ததோடு சம்பந்தம் நின்றது. வேலைநிறுத்தம் அறிவித்திருந்த சங்கத் தலைவரின் பெயர் ஒரு தாலாட்டில் வந்துவிட்டது, மறுநாள் பேச்சுவார்த்தையில் அவர் மேஜையைத் தட்டினபோது மேனேஜர் புன்னகை செய்தார், அதற்குப் பிறகு அவரால் பழையபடி தட்ட முடியவில்லை. டீக்கடையில் 'மணி' என்று வந்தபோது அது பாட்டில் உள்ள மணியா, கடை வாசலில் படுத்திருந்த நாய் மணியா என்று இரண்டு கட்சியாகிப் பேச்சு கைகலப்பு வரைக்கும் போனது; நாய் மட்டும் இது எதையும் பெரிதுபடுத்தாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பெயர் வராதவர்களெல்லாம் ஒவ்வொருவராக வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் மாறினார்கள், வாத்தியத்தில் வார்த்தை இல்லை, வார்த்தை இல்லாவிட்டால் முத்திரை இல்லை, மானம் தப்பிக்கும். பாடத் தெரிந்தவர்களைக் கண்டால் ஜனங்கள் எதிர்ப்பக்க ஓரமாக நடந்தார்கள்.

வைகாசியில் நடந்த ஒரு கல்யாணத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. பந்திக்கு முந்துகிற அவசரத்தில் நானூறு பேரில் ஒருத்தரும் பாட்டைக் கேட்காத நேரத்தில், ஒலிபெருக்கியில் 'கொன்றையடியான்' என்று தெளிவாக வந்தது. குழம்பு வாளியோடு போய்க்கொண்டிருந்த சமையல்காரர் நின்று, "அட, அவரே வந்துட்டாரு" என்றார். கேட்க ஆளே இல்லாவிட்டால் கட்டினவரே திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்வார் என்று ஊர் அதையும் குறித்துக்கொண்டது.

இத்தனைக்கும் நடுவில் மன்றத்தில் முறையெல்லாம் போய் வாராவாரம் அந்தச் சகானாப் பாட்டே நடந்தது, கிருபாகரன் ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் பெயருக்காகக் காத்திருந்தார். அவர் நிலைமை மற்றவர்கள் நிலைமையைவிட மோசம், ஏனென்றால் அவர் பெயர் பாட்டில் ஏற்கெனவே இருந்தது. 'நாகலிங்கம் தொழும் கிருபாகரா' என்று ஒரு வாரம் வந்தது, 'ஞானசௌந்தரி தொழும் கிருபாகரா' என்று டீச்சர் தன்னைத் தானே அறியாமல் ஒரு வாரம் பாடினார், அந்தக் காதர் மொய்தீன் மட்டும் நான்கு வாரம் தொழுதுவிட்டார்.

"ஊரே உங்களைத்தான் சார் தொழுது" என்று மன்றத்தில் கேலி செய்தார்கள். கிருபாகரன் சிரித்தார், உள்ளே எரிந்தது. தொழப்படுகிறவன் எவனாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், தொழுகிறவன் இடத்தில் தன் பெயர் ஒரு தடவை வர வேண்டும், 'கிருபாகரன் தொழும் கிருபாகரா' என்று பதினெட்டுப் பேர் காதில் விழ வேண்டும். வராவிட்டால் அப்பா வைத்த பெயரும் பொய், பதிவேட்டில் எழுதின பெயரும் பொய், இருபத்தாறு வருஷம் செயலாளராக உட்கார்ந்திருந்ததும் பொய். எடைமேடையில் அவர் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்து எல்லோர் முன்னாலும் நிற்க வைத்திருக்கிறார், அவர்கள் முகம் போன போக்கெல்லாம் இப்போது அவருக்கு ஞாபகம் வந்தது.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை அவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டார். கண்ணாடி இல்லாமல் நோட்டில் குறிக்க முடியாதே என்று அதை எடுத்துக்கொண்டு அவர் மனைவி செண்பகவல்லி மன்றத்துக்கு வந்தார். ஆலை மருந்தகத்தில் மாத்திரை கொடுக்கிற வேலை அவருக்கு, நேராக அங்கிருந்து வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை எடுத்து வந்திருந்தார், கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட மன்றத்துக்குள் கால் வைத்தவர் இல்லை, கூப்பிட்டால் தலைவலி என்பார். பாட்டு நடந்துகொண்டிருந்ததால் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். டீச்சர் கடைசி அடிக்கு வந்தார்.

'செண்பகவல்லி தொழும் கிருபாகரா.'

ஜமக்காளத்தில் இருந்த அத்தனை தலையும் வாசல் பக்கம் திரும்பின. நாகலிங்கம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "செக்ரட்டரி, ஊரறிய வீட்டம்மா உங்களைத் தொழுதாச்சு. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

செண்பகவல்லி கண்ணாடிக் கூட்டைக் கேரம் போர்டு மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அன்றைக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். கிருபாகரனோ, கட்டுக்குள் எங்கேயோ கல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனார்.

பாட்டென்றால் தலைவலி என்கிறவளுக்கு, பதினெட்டு ரசிகர்களும் ஒரு வித்துவாம்சினியும் உட்கார்ந்திருக்கிற இடத்தில், வாசலில் நின்று பாதிப் பாட்டைக் கேட்டு, முத்திரையில் பெயர் வருகிறதென்றால் இந்தப் பாட்டு இவளுக்குள் ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. யார் கொண்டுபோய் வைத்தது? வீட்டு டேப் ரிக்கார்டர் மேல் விரலால் கோடு போட்டுப் பார்த்தார், தூசியில் கோடு விழுந்தது, இவருக்குத் தெரியாமல் அதை யாரும் தொடவில்லை. அலமாரியில் புடவை அடுக்குக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தார், அந்துருண்டைதான் இருந்தது. மருந்தகத்துக்குப் போய் வயிற்றுவலி என்று சொல்லி உட்கார்ந்து, இங்கே ரேடியோ உண்டா என்று கம்பவுண்டரைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டார், இருமல் சத்தம்தான் சார் உண்டு என்றார் அவர். தையல் கடைக்குப் போனார்.

"உங்க கடையில எங்க ஆளு பாட்டு ஓடுமா?" என்று கேட்டார்.

காதர் மொய்தீன் மிஷினை நிறுத்தினார். "எங்க கடையில எங்க அம்மாள் பாட்டு மட்டும்தான் ஓடும் சார். ஏன், சட்டை எதுவும் பிடிக்குதா?"

"இல்ல. என் வீட்ல துணி குடுக்க வந்தா ரொம்ப நேரம் நிப்பாங்களா?"

"அளவு ஜாக்கெட்டைக் குடுத்துட்டு அப்படியே போயிடுவாங்க சார், நின்னதே இல்ல" என்று சொல்லிவிட்டுக் காதர் மொய்தீன் குனிந்து மிஷினை மிதித்தார். அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதும் கிருபாகரனுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

மனைவியிடம் நேரே கேட்டிருக்கலாம். ஆனால் எடைமேடையில் வண்டிக்காரனைக் கேட்கிற வழக்கம் இல்லை, வண்டியைத்தான் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். பாட்டை வீட்டில் போட்டுப் பார்த்தார், சமையல்கட்டில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோதே மறுபடியும் செண்பகவல்லி தொழுதாள். அவள் தொடர்ந்து நறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். அப்போதுதான் கிருபாகரனுக்கு அந்த யோசனை வந்தது: காதுக்கெட்டின தூரத்தில் வேறு ஒருத்தரும் இல்லாமல் தான் மட்டும் இருந்தால் யார் பெயர் வரும்? தன் பெயர்தானே வந்தாக வேண்டும், வேறு ஆளே இல்லையே. வருவதை அப்படியே போய் மன்றத்தில் சொல்லிவிடலாம். நம்பாவிட்டால் நம்பாமல் போகட்டும், தனக்குத் தெரிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, "உன் தங்கச்சியைப் பார்த்து ரொம்ப நாளாச்சே" என்றார். தங்கை வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு மைல்.

செண்பகவல்லி தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "என் தங்கச்சி பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? போயிட்டுச் சாயங்காலமா வா."

அவள் போய் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் துணிந்தார். பக்கத்து வீட்டார் கோயிலுக்குப் போகிறவரை காத்திருந்தார், எதிர் வீட்டுக் கொடியில் துணி காயப்போடுகிற அம்மாள் உள்ளே போகிறவரை காத்திருந்தார், கதவுகளையும் ஜன்னல்களையும் சாத்தி, ஜன்னல் இடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்து, பழக்க தோஷத்தில் நோட்டையும் பென்சிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாட்டைப் போட்டார். சென்னை அம்மாள் பாடினார். பல்லவி முடிந்த இடத்தில் வயலின் அரை மாத்திரை முந்திக்கொண்டது, அதைக் குறித்தார். சரணத்தில் அம்மாள் ஒரு பிடியைப் பாதியில் விட்டார், அதையும் குறித்தார். இதோ வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

'கொன்றையடியான் தொழும் கிருபாகரா' என்று வந்தது.

சுற்றிவிட்டு மறுபடியும் போட்டார். மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் சுவாமிகளே வந்தார். பந்திக்கு ஓடின நானூறு பேரும் குழம்பு வாளியோடு நின்ற சமையல்காரரும் அவர் கண் முன்னால் வந்துபோனார்கள். கேட்க ஆளில்லாத வீட்டில்தான் அவரே வருவார். கிருபாகரன் எழுந்து ஜன்னலைத் திறந்தார், தெருவில் வெயில் அடித்தது, தன் வீட்டுக்குள் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவருக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

செண்பகவல்லி நான்கு மணி பேருந்தில் திரும்பி வந்தாள்.

"யார் பேரு வந்துச்சு?" என்றாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"எதுல?"

"நான் அந்தப் பக்கம் போனதும் பாட்டைப் போட்டிருப்பீங்கல்ல. இல்லாட்டி என் தங்கச்சி மேல உங்களுக்கு என்ன திடீர் அக்கறை?"

"அவர் பேரே வந்துச்சு" என்றார். "சுவாமிகள் பேரு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்திருந்தால்கூடத் தேவலை, சிரிக்காமல் எதிரே உட்கார்ந்தாள். கிருபாகரன் கடைசியில் வண்டிக்காரனையே கேட்டுவிட்டார்.

"உனக்கு எங்கேர்ந்து வந்தது இந்தப் பாட்டு? யாரு சொல்லிக் குடுத்தா? சொல்லிடு செண்பகம், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"நீங்கதான்."

"நானா? உனக்கு நான் எப்பப் பாடினேன்?"

"எனக்கு எங்க பாடினீங்க? குளிக்கறப்ப பாடறீங்க. தினம் அஞ்சரை மணிக்கு. குளிக்கற ரூமுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவுல ஒரு சுவருதான இருக்கு."

"தலைவலின்னியே?"

"பாட்டு தலைவலின்னு எப்பச் சொன்னேன்? உங்க மன்றம்தான் தலைவலி. எங்க ஆளு, உங்க ஆளுன்னு நீங்க போடற சத்தம் மருந்தகம் வரைக்கும் கேக்குது. பாட்டு அஞ்சு நிமிஷம், பஞ்சாயத்து ஒரு மணி நேரம்."

அவர் அதை நம்பவில்லை. குளிக்கிற அறையிலிருந்து கேட்ட பாட்டா ஒருத்திக்குள் இப்படி இறங்கும்? "பாடு பார்ப்போம்" என்றார், வண்டியை மேடை மேல் ஏற்று என்று சொல்கிற அதே குரலில்.

செண்பகவல்லி அவரைப் பார்த்துப் பாட வெட்கப்பட்டுக்கொண்டு சமையல்கட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். சன்னமான குரல், எண்ணெய் போடாத கதவு மாதிரி முதலில் கொஞ்சம் முனகிவிட்டுப் பிறகு திறந்தது. 'கிருபாகரா, குறை பார்த்து எனை ஏற்பாய்' என்று எடுத்தாள்.

அவர் கை தன்னால் பென்சிலுக்குப் போனது. "நிறுத்து. தப்பு. குறை பாராது."

"பார்த்துன்னுதான நீங்க பாடறீங்க."

"நானா? சுவாமிகள் பாட்டுல நானா தப்புப் பண்ணுவேன்? குறையைப் பாராது ஏத்துக்கோன்னு அர்த்தம். அச்சுல இருக்கு."

"அச்சுல இருக்கலாம். நீங்க இருபத்தாறு வருஷமா பார்த்துன்னுதான் பாடறீங்க. வேணும்னா இப்பப் பாடிப் பாருங்க."

கிருபாகரன் பாடிப் பார்த்தார். 'கிருபாகரா, குறை பா' வரைக்கும் வந்ததும் அவர் வலது கை தானாக மேலே போனது, கையில் செம்பு இல்லை, ஆனாலும் போனது. அந்த இடத்தில்தான் தினமும் தலையில் தண்ணீர் ஊற்றுவார், ஐந்தரை மணித் தண்ணீர் உச்சியில் பட்டதும் மூச்சு வெட்டும், 'பாராது' என்ற நீட்டம் அறுந்து 'பார்த்து' என்று வந்து விழும். வந்து விழுந்தது. பாடுகிறவர்கள் விடுகிற பிழையெல்லாம் நோட்டில் குறித்து வைத்தவர் தன் கையை அந்தரத்தில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பாவா பாடிட்டிருந்தேன்?" என்றார்.

"எனக்கு அந்தத் தப்புதான் பிடிச்சுது" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே. "குறையைப் பார்க்காம ஏத்துக்கறது யாராலயும் முடியும், கண்ணை மூடிக்கிட்டா போச்சு. பார்த்துட்டும் ஏத்துக்கோன்னு கேக்குறாரே மனுஷன், பரவாயில்லையேன்னு இருந்துச்சு. கல்யாணமான புதுசுல, மாவுல என்ன கலந்தேன்னு நீங்க கேட்ட அன்னிக்குப் பொறந்த வீட்டுக்குப் போயிடலாம்னு பையை எடுத்து வச்சேன். மறுநாள் காலைல நீங்க பாட ஆரம்பிச்சீங்க. பையைத் திரும்ப மேல போட்டுட்டேன்."

கிருபாகரனுக்கு அந்தப் பை தெரியும், பரண் மேல் இருக்கிற சிவப்புப் பை. அதில் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு தடவை திறந்துகூடப் பார்த்திருக்கிறார், காலியாக இருந்தது, காலிப் பையை எதற்கு வைத்திருக்கிறாள் என்று அப்போதும் சந்தேகப்பட்டிருக்கிறார்.

"முதல்லேர்ந்து பாடு" என்றார், இந்தத் தடவை எடைமேடைக் குரல் வரவில்லை.

அவள் பாடினாள். குறை பார்த்து எனை ஏற்பாய் என்று, அவருடைய தப்போடு, அவர் மூச்சு வெட்டுகிற இடத்தில் தானும் வெட்டி, அவர் சோப்புப் போடும்போது வேகம் குறைகிற இடத்தில் தானும் குறைத்து, அவர் துவட்டிக்கொள்ளும்போது முணுமுணுப்பாகப் போகிற அனுபல்லவியை அதே முணுமுணுப்பாக, இருபத்தாறு வருஷத்து விடியற்காலைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்கிற மாதிரி பாடினாள். சுருதி அங்கங்கே விலகியது, தாளத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நோட்டு அவர் மடியிலிருந்து நழுவி விழுந்தது, அவர் எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை காலமும் ஒருத்தி நின்று தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை நினைத்து அவருக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது, பிறகு அதுவும் போய்ப் பாட்டு மட்டும் இருந்தது. சரணம் வந்தது, கடைசி அடி வந்தது, போனது, பல்லவிக்குத் திரும்பி அவள் நிறுத்தினாள். ஆலைச் சங்கு ஊதியது.

செண்பகவல்லி திரும்பி உட்கார்ந்தாள். பாடுகிறவளுக்குத் தெரியாதே, அவர்தான் சொல்ல வேண்டும். வேறு கேட்டவர்கள் அங்கே யாரும் இல்லை.

"யார் பேரு வந்துச்சு?"

கிருபாகரன் விழித்தார். தையிலிருந்து புரட்டாசி வரைக்கும் அந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தவர், இப்போது எவ்வளவு யோசித்தும் அந்த இடத்தில் என்ன வந்தது என்று ஞாபகம் வரவில்லை.

"கவனிக்கலையே" என்றார்.

வளைவில் திரும்புகிற வண்டியை அவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படியே அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொய் சொல்றீங்க" என்றாள்.

அவர் சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை.